முதலாம் கியர் பின்னால்

கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள்.
ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொறிஸ் மைனர்.
பின்னாலே லொறியில் ஜப்பான் எஞ்சின்,
ஐந்து கியர்ப் பெட்டியோடு
அரிசிச் சாக்கில் சுற்றியிருந்தது.

ஒஃபீலியா றொசைரோ,
நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைகிறவ,
இறங்கிக் கையைத் துடைத்து
"இதை அதுக்குள்ள வைக்க வேணும்" எண்டா.

பழைய எஞ்சினைத் தூக்கியதும்
கார் மூக்கை உயர்த்தி நின்றது,
கடன் தீர்ந்தவன் மாதிரி.
இலக்கத்தகட்டைக் கழற்றினேன்.
ஸ்ரீ எழுத்தின் வளைவில்
காய்ந்த தார், அந்தக் காலத்தில் பூசினது.
பெற்றோல் போட்டுச் சுரண்டட்டா?
"கிடக்கட்டும். பூசினது ஆரோ.
கார் எங்கட."

சங்கிலியில் புதியதை இறக்கினோம்,
ஜவாத் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
ஸ்டீரிங் தண்டுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் இடையில்
என் சுண்டுவிரல் போகும், மோதிரவிரல் போகாது.
அதையே அளவென்று வைத்து
மரக்கட்டை முண்டு கொடுத்து
பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டினேன்:
எஞ்சின் காதிலிருந்து சட்டம் வரை,
மூன்று துளை, ஒரு சாய்வு.
பென்சிலால் 'இடது' என்று எழுதி
மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் மான்.
இந்த ஊரில் மான் கராஜுக்குள்ளும் வரும்,
வங்கி வாசலுக்கும் வரும்,
யாரும் எழும்பி நிற்பதில்லை.
என் இடது மவுண்டிங்கை மென்றுகொண்டிருந்தது.
'இ' போய்விட்டது, இரண்டு துளை போய்விட்டது.
என்னைப் பார்த்தது. நிறுத்தவில்லை.

அடுத்த அட்டையை ஒஃபீலியாவே வரைந்தா,
கூர்ப் பென்சிலால், பாகை போட்டு.
என் கண் சொன்ன சாய்வு பதினொன்று,
அவ எழுதினது பதின்மூன்று.
வெட்டி வைத்துப் பார்த்தோம்.
ஜவாத் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

தகடு, உடைத்த பார்ஜினுடையது, எட்டு மில்லிமீற்றர்,
சீனன்குடாப் பக்கம் நிறுத்து வாங்கியது.
கிரைண்டரை வைக்க
உள்ளே இன்னும் வெள்ளி.
இத்தனை வருசத்து உப்பு தோலோடு நின்றிருந்தது.
முதலில் நாலு பொட்டு வெல்டிங்,
எஞ்சினை இருத்தி, எடுத்து, திரும்ப இருத்தி,
பிறகுதான் முழுத் தையல்.

பிறகு கியர்த் தடி.
பெட்டியின் வாய் ஒரு சாண் முன்னுக்கு.
அங்கேயே தடியை விட்டால்
கியர் மாற்றும்போது நெற்றியால் ஹோன் அடிக்கலாம்.
பழைய தடியைக் குறுக்கி
பின்னால் ஒரு தாங்கி வைத்தேன்,
லேத்தில் கடைந்த குண்டு, பித்தளைக் கிண்ணம்,
புதுத் தடியின் கீழ்நுனியில் ஒரு கோல்,
கோலின் மறுநுனியில் மூட்டு, நிறையக் கிறீஸ்.
அசைத்தால் மாஜரீன் பேணிக்குள் கரண்டி.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

விடிய உப்புவெளிப் பக்கம் ஓடிப்பார்க்கப் புறப்பட்டோம்.
முதலாம் கியரென்று முன்னே தள்ளினா.
கார் இரண்டாமில் முனகி, குலுங்கி, நின்றது.
குண்டு நடுவில், கோல் கீழே.
மேலே முன்னால் போனால் கீழே பின்னால் போகும்.
பூங்காவில் சீசோ ஆடும் பிள்ளைக்குத் தெரியும்.
நான் பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டேன்.
அங்கே பார்க்க எதுவும் இல்லை.

"ரெண்டு நாள் தாங்கோ,
இன்னொரு மூட்டுப் போட்டுத் திருப்பித் தாறன்."
ஒரு கிழமை ஓடிட்டு வாறன் எண்டா.

கிழமை கழித்து வந்தா.
திருத்த வேண்டாமாம், கை பழகிட்டுதாம்.
டாஷ்போட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தா:
ஒன்று பின்னால், இரண்டு முன்னால்,
கறுப்பு மையில், அளவுத்திட்டம் போட்டு,
மூலையில் வடக்கு எதுவென்று ஒரு அம்புக்குறி.

எண்ணெய் கசிவு பார்க்கவென்று
நானும் அதை நாலைந்து தரம் ஓட்டினேன்.
நேற்று மடத்தடிச் சந்தியில்
பொலிஸ்காரன் கை காட்ட,
என் சொந்த வானில்
முதலாம் கியரென்று பின்னால் இழுத்தேன்.
குலுங்கி நின்றது.
பின்னாலே கிண்ணியா பஸ்,
ஹோனிலிருந்து கையை எடுக்கவில்லை.
நான் திரும்பவும்
பின்னால் இழுத்தேன்.